நோலனா, கேமரூனா: பெரிய பட்ஜெட்டை யார் எப்படிச் செலவழிக்கிறார்கள்?

இருவரும் ஹாலிவுட் இயக்குநர்கள். கையில் பெரும் பணம் இருந்தால் கிறிஸ்டோபர் நோலன் நிஜப் பொருளைத் தேடிப் போவார். ஜேம்ஸ் கேமரூன் தொழில்நுட்பம் கனியும்வரை காத்திருப்பார்.

'டெனெட்' (2020) படத்துக்குப் பழைய போயிங் 747 ஒன்றை வாங்கி, கட்டடத்தின் மேல் நிஜமாகவே மோதவிட்டார் நோலன். திமிர் இல்லை, கணக்கு: மினியேச்சர் எனும் குட்டி மாதிரி, கிராபிக்ஸ் என்று போவதைவிட அதுவே சிக்கனமாம்! 'தி டார்க் நைட்'டில் சிகாகோ தெருவில் அந்தப் பெரிய லாரி தலைகுப்புறக் கவிழ்ந்ததும் நிஜம்தான். அந்த எடையைப் பார்வையாளரின் உடம்பு உணர்கிறது. என்ன, ஒரு டேக்கில் சொதப்பினால் போச்சு.

கேமரூனுக்கு அந்தப் பயம் குறைவு. நடிகர்களின் அசைவை முதலில் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டு, கேமரா கோணத்தைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். எல்லாமே கம்ப்யூட்டர் வேலை என்று ஒதுக்கவும் முடியாது. 'அவதார்' இரண்டாம் பாகத்துக்காக நடிகர்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் மூச்சடக்கி நடித்தார்கள். விலை வேறு இடத்தில் இருக்கிறது: முதல் பாகம் வந்த 2009க்கும் இரண்டாம் பாகம் வந்த 2022க்கும் இடையே 13 வருடம்! எந்தத் தயாரிப்பாளர் தாங்குவார்?

புதிதாக ஓர் உலகம் வேண்டுமென்றால் கேமரூன். வெறும் ஆக்‌ஷனுக்கு என் ஓட்டு நோலனுக்கே. அவர் படங்களில் சில இடங்களில் வசனம் சரியாகக் காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை.