கொலுப்படிக்குக் கலர் விளக்கு: ரெடிமேட் பெட்டியா, டபிள்யூஎல்ஈடியா?

எங்கள் வீட்டில் இரண்டு எல்ஈடி ஸ்ட்ரிப். கூடத்து ஃபால்ஸ் சீலிங்கில் இருப்பது கடையில் வாங்கிய வைஃபை கன்ட்ரோலரில் ஓடுகிறது. கொலுப்படியில் இருப்பது ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டில் டபிள்யூஎல்ஈடி என்ற இலவச மென்பொருளை ஏற்றி நானே பூட்டியது.

ரெடிமேட் பெட்டியில் வேலையே இல்லை. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பின் நான்கு ஒயரைச் செருகி, ஆப்பில் கணக்கு தொடங்கினால் முடிந்தது. ஆனால் அந்த ஒயர்களில் ஒன்று பிளஸ், மற்றவை சிவப்பு, பச்சை, நீலம். அதனால் ஸ்ட்ரிப் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான். ஓடும் விளக்குக்கு வழியில்லை. நான் வாங்கியது எதற்கெடுத்தாலும் கம்பெனி சர்வரைக் கேட்கிற ரகம் வேறு. நெட் போன ராத்திரி, தலைக்கு மேல் எரிகிற விளக்கை அணைக்க நாற்காலி போட்டு ஏறி பிளக்கைப் பிடுங்கினேன்.

டபிள்யூஎல்ஈடிக்குக் கணக்கும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ரவுட்டர் ஓடினால் போதும், போன் பிரவுசரிலேயே திறக்கும். டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு எல்ஈடிக்குள்ளும் ஒரு சிப் இருப்பதால், படிக்கு 60 விளக்கு என்று பிரித்து ஐந்து படிக்கும் ஐந்து நிறம் கொடுத்திருக்கிறேன்.

தலைவலி கரன்ட்தான். முழு வெள்ளையில் ஒரு எல்ஈடி 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 300 விளக்குக்குக் கணக்குப் போட்டால் 18 ஆம்பியர், அதுவும் வெறும் 5 வோல்ட்டில். முதல் நாள் கீழ்ப்படியில் மட்டும் சப்ளை கொடுத்தேன். கீழே பளிச்சென்று வெள்ளை, மேலே போகப் போக மஞ்சள், கலசம் இருந்த உச்சிப்படியில் செங்கல் நிறம். "மேல இருக்கிற சாமிக்கு மட்டும் சீரோ வாட்ஸ் பல்பா?" என்றாள் அத்தை. ஸ்ட்ரிப்பின் மறுமுனைக்கும் தடித்த ஒயரில் சப்ளை இழுத்ததும் சரியானது. 10 ஆம்பியர் சப்ளைதான் வைத்திருக்கிறேன்; 9 ஆம்பியரைத் தாண்டாதே என்று செட்டிங்கில் போட்டால் அதுவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், அதில் வித்தியாசமில்லை.

சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் கொலுவுக்கும் டிவிக்குப் பின்னாலும் டபிள்யூஎல்ஈடிதான். சீலிங்குக்கு ரெடிமேட் பெட்டியே தாராளம். ஆனால் வெள்ளைக்கென்றே தனி எல்ஈடி உள்ள ஆர்ஜிபிடபிள்யூ ஸ்ட்ரிப்பாகக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் விட்டேன்; மூன்று நிறத்தைக் கலந்து வருகிற வெள்ளையில் இட்லிகூட நீலம் பாய்ந்து தெரிகிறது.