செத்தவனுக்கு முழு லைன்: கியூஜிஐஎஸ்ஸுடன் நான்கு ஆண்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இணையம் எங்கே எட்டுகிறது, எங்கே எட்டவில்லை என்று வரைபடம் போடுவதற்காக கியூஜிஐஎஸ் மென்பொருளைக் கையிலெடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 2021 இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்டு, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பலருடைய பழைய கைப்பேசிகளில் இணையம் படுத்துக்கொண்டதுதான் தொடக்கம்.

காசு கொடுக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பதிந்த சிக்னல் அளவுகளை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக உள்ளே இழுத்தால் புள்ளிகளாக விழுந்துவிடும். முதல் நாள் எனக்கு ஒன்றும் விழவில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தன. எங்கள் ஊர் வடக்கே 4.8 பாகை, கிழக்கே 101. அட்சரேகை 90-உடன் முடிந்துவிடுகிறது. என் தோட்டங்களோ வட துருவத்தையும் தாண்டி நின்றன.

அது அரை மணி நேர வேலை. ஓராண்டு அலைக்கழித்தது வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவம்தான். பெயருக்கு ஒரு கோப்பு. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் சேர்ந்தே பயணிக்க வேண்டும். அதன் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் தலைப்புக்குப் பத்து பைட்தான். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 'தோட்டம்' என்றுகூட எழுதி முடிக்க முடியாது.

பெரிய வினை காலிக் கட்டங்களில் இருந்தது. சிக்னல் வலிமையை டிபிஎம் அலகில் எதிர்மறை எண்ணாகக் குறிப்பார்கள்: மைனஸ் 80 நன்று, மைனஸ் 120 என்றால் பேச்சே இல்லை. எதுவும் பிடிக்காத இடங்களைக் காலியாக விட்டிருந்தேன். ஷேப்ஃபைலாகி வேறொரு மென்பொருளுக்குப் போய்த் திரும்பியபோது காலியெல்லாம் சுழியாகியிருந்தது. மைனஸ் 80-ஐவிடச் சுழி பெரியது, ஆகவே மிக வலுவான சிக்னலுக்குரிய அடர்பச்சை. அச்சிட்ட படத்தைக் கோயில் மண்டபத்தில் விரித்தேன். ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, குன்றுக்குப் பின்னாலிருந்த சுடுகாட்டின் மேல் விரலை வைத்தார்.

"ஏன் தம்பி, லயத்தில் இருப்பவனுக்கு லைன் இல்லை, செத்தவனுக்கு முழு லைனா?"

அன்றிலிருந்து ஷேப்ஃபைலுக்குப் பதில் ஜியோபேக்கேஜ் என்ற வடிவம்தான். ஒரே கோப்பு, காலி காலியாகவே இருக்கிறது, தமிழ்த் தலைப்பும் வெட்டுப்படுவதில்லை. இணையத்தில் ஏற்றும்போது மட்டும் ஜியோஜேசன் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாற்றுகிறேன். அதில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், மறந்தால் மறுபடியும் துருவப் பயணம்.

கோபுரத்தைச் சுற்றி வட்டம் போடும் பஃபர் வசதியை நம்பிக் கவரேஜ் எல்லை வரையாதீர்கள். அந்த வட்டத்துக்குக் குன்றும் தெரியாது, செம்பனையும் தெரியாது. போன மாதம் மூன்றாம் டிவிஷனில் மறுநடவுக்காகக் கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்துவிட்டார்கள். மைனஸ் 112 இருந்த முனையில் நேற்று மைனஸ் 98 காட்டுகிறது. அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் அளக்க வேண்டும்.