குழுமமா, குழந்தைகள் நீதிமன்றமா?

இந்தியாவில் பதினேழு வயதுப் பையன் கொலை வழக்கில் பிடிபட்டால் அவனுக்கு இரண்டு பாதைகள் உண்டு: இளைஞர் நீதிக் குழுமம், குழந்தைகள் நீதிமன்றம். இப்படி இரண்டாகப் பிரித்தது 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அதற்கு முன்னால், 18 வயதுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமம் மட்டும்தான்.

குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அவர்களில் ஒருவராவது பெண். இடம் கோர்ட் மாதிரி மிரட்டக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. எச்சரித்து அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம்; மிஞ்சிப்போனால் சிறுவர்களுக்கான சிறப்பு இல்லத்தில் மூன்று வருடம். பழைய வழக்கு பின்னாளில் வேலைக்குத் தடையாகாது.

குழந்தைகள் நீதிமன்றம், பெயர்தான் மென்மை. குறைந்தபட்சமே ஏழு வருடத் தண்டனை உள்ள கொடுங்குற்றம், வயது 16க்கு மேல் என்றால், அந்தக் குற்றத்தைச் செய்யப் பையனுக்கு இருந்த மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், சம்பவச் சூழல் மூன்றையும் குழுமம் எடைபோட்டு இங்கே அனுப்பலாம். இங்கே பெரியவர்களுக்குரிய விசாரணையே நடக்கலாம். தூக்கு கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளும் கிடையாது. 21 வயதுவரை ஜெயில் அல்லாத பாதுகாப்பிடம். அப்போது திருந்தியிருக்கிறானா என்று பார்ப்பார்கள்; இல்லையென்றால் மிச்சக் காலம் ஜெயிலில்.

எனக்கு உறுத்துவது அந்த எடைபோடும் கட்டம்தான். சம்பவம் நடந்த நாளில் அவன் மனம் எப்படி இருந்தது என்பதை மாதங்கள் கழித்து, சில சந்திப்புகளில் எந்த மனநல மருத்துவர் உறுதியாகச் சொல்ல முடியும்? குழுமத்தின் மூன்று வருடம் சில வழக்குகளில் குறைவாகத் தோன்றலாம், சரி. ஆனாலும் ஊகத்தை வைத்து ஒருவனைப் பெரியவன் ஆக்குவதைவிட அதுவே மேல்.