நாற்பது கேஜ் கம்பிக்கு ஒரு காந்த டென்ஷனர்

பாலக்கோட்டில் எங்களுக்கு ஒரு சின்ன பட்டறை. முன்பக்கம் என் வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் பார்க்கிறார். பின்பக்க அறை என்னுடையது. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் இருக்குமே நோவோல்ட் காயில், கரண்ட் இருக்கும்வரை ஸ்டார்ட்டரைப் பிடித்து வைப்பது, அதைச் சுற்றுவதுதான் என் வேலை. சுற்றும்போது கம்பியின் இழுப்பை ஒரே அளவில் வைத்திருக்க நான் வாங்கிய காந்த டென்ஷனரைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். 415 வோல்ட் காயில் ஒன்றுக்கு 40 கேஜ் எனாமல் கம்பியில், அதாவது மின்காப்புப் பூச்சு பூசிய செம்புக் கம்பியில், 6,000 சுற்று போடுகிறேன். அந்தக் கம்பியின் தடிமன் 0.122 மில்லிமீட்டர்.

இங்கே தக்காளி போட்டவர்களுக்கு அந்தக் காயில் எரிந்தால் மோட்டார் நின்றது என்று அர்த்தம். அதனால் காயில் திரும்பி வந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. போன வருடக் கோடையில் ஒரே மாதத்தில் பதினொரு காயில் திரும்பி வந்தது. எல்லாம் மதியத்துக்கு மேல் சுற்றியவை. கம்பி சுற்றும் கூடான பாபின் ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் எழுதி வைப்பதால் அது தெரிந்தது.

காலையில் சுற்றிய காயிலின் மின்தடையை அளந்தால் 880 ஓம் காட்டும், சாயங்காலம் சுற்றியது 920-க்கு மேலே போகும். முதலில் வெயில் என்றுதான் நினைத்தேன். செம்பு ஒரு டிகிரி சூடேறினால் அதன் மின்தடை கிட்டத்தட்ட 0.4 சதவீதம் கூடும். பத்து டிகிரி ஏறினாலே 35 ஓம் வந்துவிடுகிறது. சரி, பார்த்துவிடலாம் என்று காலைக் காயில் ஒன்று, சாயங்காலக் காயில் ஒன்று இரண்டையும் ராத்திரி முழுக்க ஒரே தட்டில் வைத்து, விடிந்ததும் மல்டிமீட்டரில் பார்த்தேன். ஒன்று 879, மற்றது 911. சுற்று எண்ணும் கவுண்டரில் இரண்டுக்கும் அதே 6,000 சுற்றுதான். அப்படியென்றால் கம்பி இழுபட்டு மெலிந்திருக்கிறது. குறுக்குப் பரப்பில் நூற்றுக்கு மூன்றரை பங்கு மெலிவு என்பது இந்தக் கம்பிக்குச் சாதாரணம் இல்லை. மெலிவது மட்டும் என்றால்கூடப் போகட்டும். இழுபடும்போது மேலே இருக்கிற எனாமலும் விரிசல் விடும். ஏ.சி. காயிலில் பக்கத்துப் பக்கத்துச் சுற்று இரண்டு ஒட்டிக்கொண்டால், அந்த ஒரு சுற்றே டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி மாதிரி கரண்டை இழுத்துக் கொதிக்கும். மற்றதையும் சேர்த்து எரித்துவிடும்.

அதுவரை என் மெஷினில் கம்பியை இழுத்துப் பிடிக்க இருந்தது இரண்டு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) துண்டு, ஒரு ஸ்பிரிங், ஒரு விங் நட். கம்பி அந்த ஃபெல்ட்டுக்கு நடுவே உரசிப் போகும். கம்பிமேல் வரும் வழவழப்பும் பட்டறைத் தூசியும் அதில் ஏறி, போகப் போகப் பிடி இறுகும். கம்பி வரும் ஸ்பூலும் படுத்து உருண்டுகொண்டிருந்தது. மெஷின் கிளம்பும்போது ஒரு வெடுக்கு, நிற்கும்போது ஒரு தொய்வு. என் மாமனார் கையால் சுற்றிய காலத்தில் பழைய வேட்டித் துணியில் கம்பியைப் பிடித்து விரலாலேயே பதம் பார்ப்பார். அந்த விரல் எனக்கு வாய்க்கவில்லை.

அப்புறம்தான் ஓசூர் போய் இந்தக் காந்த டென்ஷனரை வாங்கினேன். 2,600 ரூபாய். ஃபெல்ட் ஒட்டிய ஒரு சக்கரத்தில் கம்பியை ஒன்றரைச் சுற்று சுற்றி விடவேண்டும். அந்தச் சக்கரத்தை உள்ளே இருக்கும் காந்தம் தொடாமலே பிடித்து இழுக்கிறது. உரசல் இல்லாததால் அந்தப் பிடிக்குத் தேய்மானம் கிடையாது. மெஷினை மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் பிடி ஏறக்குறைய ஒன்றுதான். கரண்டும் வேண்டாம். சக்கரத்தைத் தாண்டினால் ஸ்பிரிங் வைத்த நீளமான கை ஒன்று, அதன் நுனியில் பீங்கான் வளையம். என் பாபின் சதுரம். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு மூலை வரும், மூலைக்கு மூலை கம்பி சுண்டும். அந்தச் சுண்டலை எல்லாம் இந்தக் கை மேலும் கீழும் ஆடி வாங்கிக்கொள்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. திருகில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்டிருக்கிறார்கள், எத்தனை கிராம் என்று இல்லை. இழுப்பை அளக்கும் டென்ஷன் கேஜ் வாங்க எனக்கு வசதி இல்லை. அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கேழ்வரகு போட்டு, சமையலறைத் தராசில் எடை பார்த்து, டென்ஷனரிலிருந்து வரும் கம்பி நுனியில் கட்டித் தொங்கவிட்டேன். டப்பா லேசாகத் தட்டினால் மெல்ல இறங்கவேண்டும், தானாகச் சரசரவென்று ஓடக்கூடாது. 70 கிராமுக்கு எண் நான்கைத் தாண்டிக் கொஞ்சம் வந்தது. இந்தக் கம்பி அறுந்து போக 300 கிராம் பக்கம் வேண்டும். ஆனால் நீள ஆரம்பிப்பது அதற்கு ரொம்ப முன்னாலேயே. அறுகிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது அங்கேதான். ரொம்பத் தளர்த்தினாலும் ஆகாது, சுற்று உப்பி கடைசி அடுக்கு பாபினில் நிற்காது.

இன்னொன்று, நான் வாங்கியதில் பீங்கான் வளையத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. வந்த மூன்றாம் நாள் கம்பியில் நீளமாக ஒரு கீறல் ஓடுவதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. ஒரு துளி பஞ்சை வளையத்துக்குள் சுழற்றினேன், ஒரு இடத்தில் இழை மாட்டியது. திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி, “கம்பிதான் மட்டம் அக்கா” என்றார். பஞ்சை அவர் கண்ணெதிரே மாட்டிக் காட்டிய பிறகுதான் வளையத்தை மாற்றிக் கொடுத்தார். ராயக்கோட்டை வழியாகப் போக வர பாதி நாள் வீணாயிற்று.

ஸ்பூலை இப்போது நிமிர்த்தி வைத்து, அதன் நேர் மேலே டென்ஷனரை மாட்டியிருக்கிறேன். கம்பி ஸ்பூலின் தலைப்பக்கமாகக் கழன்று வருவதால் ஸ்பூல் சுற்றவேண்டிய அவசியமே இல்லை. விளிம்பில் சிராய் இருந்தால் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். வாரம் ஒரு முறை முன்னால் இருக்கும் ஃபெல்ட்டை மாற்றுகிறேன், அந்தத் தொல்லை இதிலும் உண்டு.

நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் காலை முதல் இரவு வரை சுற்றிய இருபது காயிலை மறுநாள் விடிகாலையில் வரிசையாக அளந்தேன். மிகக் குறைந்தது 876, மிக அதிகம் 884. இந்த நான்கு மாதத்தில் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் லீட் ஒயர் பற்றவைத்த இடத்தில் நான் விட்ட தவறு.

36 கேஜுக்கு மேல், அதாவது அதைவிட மெல்லிய கம்பி சுற்றுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். என் வீட்டுக்காரர் கட்டும் மோட்டாரில் தடித்த கம்பி, அதற்கு இது தாங்காது, தேவையும் இல்லை. இரண்டாவது மெஷினுக்கும் இதையே வாங்க அடுத்த வாரம் ஓசூர் போகிறேன். பஞ்சு பையில் இருக்கிறது, பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வளையத்தைப் பார்த்துவிடுவேன்.