கவர் லெட்டர்: மெயிலிலேயே எழுதலாமா, பிடிஎஃப் ஆக இணைக்கலாமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் படித்து முடித்தவர்கள் பலருக்கும் முதலில் கண் போவது திருவனந்தபுரத்தில் ஐடி நிறுவனங்கள் இருக்கும் டெக்னோபார்க் மேல்தான். விண்ணப்பிக்கும்போது, ரெஸ்யூமேயோடு போகும் அறிமுகக் கடிதமான கவர் லெட்டரை எங்கே வைப்பது?

என் ஓட்டு மெயிலுக்கே. திறந்ததும் கண்ணில் படும், போனிலேயே படித்துவிடலாம். ஆனால் மூன்று சின்னப் பத்திகளுக்கு மேல் போகக் கூடாது. முதலில் எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள் என்பது. அடுத்தது, அவர்கள் கேட்கும் திறமைக்குச் சான்றாக நீங்கள் செய்த ஒரு வேலை. 'கடின உழைப்பாளி' என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். 'தக்கலையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பில் போடும் மென்பொருள் எழுதினேன், இன்றும் அதில்தான் பில் போடுகிறார்கள்' என்றால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கடைசியாக, எப்போது சேர முடியும் என்பது. நம் குமரி மாவட்டத்துக்காரர்களிடம் 'தினமும் ரயிலில் வந்து போவீர்களா, இங்கேயே தங்குவீர்களா?' என்று எப்படியும் கேட்பார்கள். அதற்கும் அங்கேயே ஒரு வரி பதில் சொல்லிவிடுங்கள்.

பிடிஎஃப் எதற்கு? பள்ளி, கல்லூரி வேலைகளுக்குத் தேதி, முகவரி, கையெழுத்தோடு முறையான கடிதமாக அனுப்பலாம். இணையதளத்தில் தனியாகப் பதிவேற்றச் சொன்னாலும் இதுதான் வழி. கோப்புக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் பதவியையும் வையுங்கள். 'ஃபைனல் 2' வேண்டாம். அப்புறம், பழைய கடிதத்தைத் திருத்தி அனுப்பும்போது முந்தைய நிறுவனத்தின் பெயர் உள்ளே ஒளிந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.