பழைய த்ரீ ஃபேஸ் மோட்டாரை வீட்டு லைனுக்கு மாற்றக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

அப்பா மரக்கடைசலுக்கு வைத்திருந்த 1 ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் வருஷக்கணக்காகச் சும்மா கிடந்தது. வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். அதில் ஓடுகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லி ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். காயில் போய்விட்டது, முழுசாகப் புதுசு கட்டி ஒரு கண்டன்சர் போட்டால் ஓடும் என்றார். சரி என்றேன். பத்து நாள் கழித்துப் போனால் புது பெயின்ட் பளபளக்க மேஜைமேல் வைத்திருந்தார், சுவிட்சைப் போட்டதும் சற்று முனகிவிட்டுச் சுற்றியது, நானும் கேட்ட காசைக் கொடுத்து எடுத்து வந்துவிட்டேன். பெல்ட் இல்லாமல் வெறுமனே சுற்றிக் காட்டுவதை மட்டும் யாரும் நம்பாதீர்கள். லோடு கொடுத்தால்தான் உண்மை தெரியும்.

வீட்டில் பெல்ட்டை மாட்டினேன். உம்மென்று இரைச்சல்தான் வந்தது, ஷாஃப்ட் அசையவில்லை. பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டால் சுற்றும், உளியைக் கட்டையில் வைத்ததும் நின்றுவிடும். பத்து நிமிஷம் இப்படிப் போராடியிருப்பேன், கண்டன்சர் படாரென்று வெடித்தது. பதறிப்போய் மோட்டாரைத் தொட்டேன், சுரீரென்று ஷாக். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் லைனை வெட்டிவிடும் சுவிட்ச்) இருந்ததால் அந்த நொடியே லைன் துண்டிக்கப்பட்டது. அது இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

திரும்பக் கொண்டுபோய்க் கேட்டபோது, "பழைய மோட்டார் சார், இவ்வளவுதான் வரும்" என்று கையை விரித்துவிட்டார்.

வேறொரு மெக்கானிக் என் கண் முன்னால் பிரித்துக் காட்டினார். புதுக் காயிலே கட்டவில்லை. கருகிய பழைய வைண்டிங் மேலேயே வார்னிஷ் ஊற்றியிருந்தார்கள், அடியில் அதே பழைய நூல்கட்டு. எர்த் ஒயரை டெர்மினல் பாக்ஸுக்குள்ளேயே வெட்டிவிட்டு, இரண்டு கம்பி மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். காப்பு (இன்சுலேஷன்) போன காயில், எர்த் இல்லாத பாடி, ஷாக் அடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது கனெக்‌ஷன். பெயின்ட்டைச் சுரண்டியதும் நேம் பிளேட்டில் 230/400 என்று தெரிந்தது, அதாவது 400 வோல்ட்டுக்கு ஸ்டார், 230 வோல்ட்டுக்கு டெல்டா. மோட்டாருக்குள் இருக்கும் மூன்று காயிலை இணைக்கும் இரண்டு முறைகள் இவை. ஆறு டெர்மினலில் மூன்றை ஒரே வரிசையில் பட்டை போட்டு இணைத்திருந்தால் ஸ்டார், இரண்டிரண்டாக எதிரெதிரே மூன்று பட்டை இருந்தால் டெல்டா. என் மோட்டாரை முதல் மெக்கானிக் ஸ்டாரிலேயே விட்டுவிட்டுத்தான் 230 கொடுத்திருக்கிறார். ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் சுமார் 133 வோல்ட்தான் போகும், இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கட்டை பட்டதும் நின்றது அதனால்தான். பிளேட்டில் 400/690 என்று இருந்தால் டெல்டாவே 400க்குத்தான், 230இல் அதற்கு உருப்படியான இழுவை வராது என்றும் இரண்டாவது மெக்கானிக் சொன்னார். அதனால் பிளேட்டின் மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள், கொடுக்கும் முன்பே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டன்சரும் தப்பு. ஸ்டார்ட் ஆகும் சில நொடிக்கு மட்டும் லைனில் இருக்க வேண்டிய வகையை, வெட்டிவிடும் சுவிட்ச் எதுவும் இல்லாமல் நிரந்தரமாக மாட்டியிருந்தார்கள். அது சூடாகி வெடிக்கத்தான் செய்யும். தொடர்ந்து ஓட ரன் கண்டன்சர் வேண்டும், 230 வோல்ட் டெல்டாவுக்குக் கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் தாங்குவதாக. சரியாகச் செய்தாலும் பழைய சக்தியில் முக்கால் பங்கு வந்தாலே அதிகம், புறப்படும்போது இழுவை இன்னும் குறைவு. இதை முதலிலேயே சொல்லாமல் "அப்படியே ஓடும்" என்பவரிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள். முழு இழுவை வேண்டுமானால் சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் கொடுக்கும் விஎஃப்டி என்ற கருவி இருக்கிறது, அதற்கும் இந்த மோட்டாரை டெல்டாவில்தான் போட வேண்டும்.

வாங்கும்போது, பாடிக்கும் காயிலுக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் (காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் வாங்காதீர்கள். புதுசாகக் கட்டிய காயில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். அப்புறம், ரீவைண்டிங்குக்குக் காசு கேட்டால் கழற்றிய பழைய செம்புக் கம்பியைக் கேளுங்கள். உண்மையாகவே கட்டியவரிடம் அது இருக்கும். இரண்டாவது மெக்கானிக் வேலை முடிந்ததும், நான் கேட்காமலேயே, கருகிய அந்தக் கம்பிச் சுருளை ஒரு பையில் போட்டு மோட்டாரோடு கொடுத்துவிட்டார்.