ஃபாரன்சிக் (தடயவியல்) பேசிக்ஸ் ஆன்லைன் கோர்ஸ், காசுக்கு ஓகேவா?

டிஎன்ஏ, ரத்தத் தடயம் பத்தி ஒரு ஆன்லைன் கோர்ஸ் முடிச்சேன், பேரு வேணாம். ரத்தப் பாடம் செம, சிவப்பணுல நியூக்ளியஸே கிடையாது அதனால டிஎன்ஏ வெள்ளணுல இருந்துதான் எடுக்குறாங்களாம், இத்தனை நாள் நான் தலைகீழா நெனச்சுட்டு இருந்துருக்கேன். ரத்தக்கறைய கண்டுபிடிக்க லூமினால்னு ஒரு கெமிக்கல் அடிச்சா நீலமா மின்னுமே, அது பிளீச்சிங் பவுடர் போட்டு கழுவுன தரையிலயும் மின்னும், ஸோ அது வெறும் சந்தேகம்தான், லேப்ல உறுதி பண்ணணும். 1984ல பிரிட்டிஷ் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ கைரேகை (டிஎன்ஏவ வச்சு ஆள அடையாளம் காணுற முறை) கண்டுபிடிச்ச கதை, அப்புறம் இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம் நடந்த ரெட்டைக் கொலை கேஸ்ல ஒரு கொலைய ஒத்துக்கிட்ட பையனையே அந்த டெஸ்ட் நிரபராதின்னு காட்டுனது, அருமையா சொல்றாங்க. பிசிஆர் (டிஎன்ஏவ பல மடங்கு காப்பி எடுக்குற முறை) பாடம்தான் மொக்கை, ஸ்லைட அப்படியே வாசிக்கிறாரு மனுஷன். ஆடியோவும் கரகரன்னு. ஆஃபர்ல வந்தா வாங்குங்க, முழு விலைக்கு வேணாம்.